பையில் இருந்த போன்

நான்கு மாடி ஏறியதில் மாலதி டீச்சருக்கு முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே கேட்டாள்.

"ஷர்மிளா, பையில போன் வச்சிருக்கியா?"

"இல்ல டீச்சர்."

"பொய் சொல்லாத. எடு."

"இன்னைக்கும் மாட்டுனியாட்டி!" பின் பெஞ்சு சிரித்தது.

போனை வெளியே எடுத்த ஷர்மிளாவுக்கு அழுகை வந்தது. "எங்கப்பா ஏசுவாவ டீச்சர். சாயங்காலம் டெலிவரிக்கு இந்தப் போன்தான்."

டீச்சர் சுவரில் இருட்டாய்க் கிடந்த ஸ்மார்ட் போர்டைப் பார்த்தாள்.

"ஹாட்ஸ்பாட் போடு தாயி. என் டேட்டா முதல் பீரியட்லயே தீர்ந்துட்டு."

"நேத்தும் இப்படிப் போட்டுத்தான் இதுல டேட்டா தீர்ந்துபோய், அப்பாவுக்கு ஆர்டரே வரல."

சொல்லிக்கொண்டே போட்டாள். போர்டில் இதயப் படம் துடிக்கத் தொடங்கியது.

நேற்றைய டேட்டாவையும், ஷர்மிளா அப்பாவின் நேற்றைய கூலியையும் டீச்சர் இன்னும் திருப்பித் தரவில்லை.