மேல் வீட்டில் சத்தமே இல்லை

"இன்னிக்கு மட்டும் மேலேயிருந்து ஒரு சத்தம் வரட்டும், நேரா போலீஸுக்குத்தான் போன்!"

டி.வி.க்கு முன்னால் சட்டமாக உட்கார்ந்துகொண்டு அறிவித்தார் பஸ் டிரைவர்.

"இன்னும் டாஸே போடலை, அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மனைவி.

பிழைக்க வந்த வெளிநாட்டு ஊரில் கிரிக்கெட் என்றால் யாருக்கும் தெரியாது. "நாள் முழுக்க ஆடுவீங்களாமே, நடுவுல சாப்பாடு வேறயாமே?" என்று டிப்போவில் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். வண்டி ஓட்டும்போதும் வாயைத் திறக்க முடியாது. மனுஷன் வாய்விட்டுக் கத்துவதே மேட்ச் அன்றைக்குத்தான்.

அதற்கும் வந்தது வேட்டு. மேல் வீட்டுக்கு மீசை குடிவந்தார். பேக்கரியில் வேலை. நம் நாட்டுக்குப் பக்கத்து நாட்டுக்காரர். முறுக்கிவிட்ட மீசையைப் பார்த்து டிரைவர் வைத்த பெயர்தான் 'மீசை'. மீசை வீட்டு டி.வி.யில் எந்த மேட்சும் அரை நிமிஷம் முன்னாலேயே வந்துவிடும். இங்கே பௌலர் ஓட ஆரம்பிப்பதற்குள் அங்கே தொம் தொம்மென்று குதிப்பார்கள். அப்புறம் இங்கே உட்கார்ந்து என்னத்தைப் பார்ப்பது?

செமி ஃபைனலில் நமக்குக் கடைசிப் பந்தில் நாலு ரன் வேண்டும். டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே "ஓ!" என்று கூரை பெயர்கிற மாதிரி ஒரு கத்தல். போச்சு! பந்து போடுவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது.

விடுவாரா? படியேறிப் போய், மீசை வீட்டு வாசலில் சாமி வந்தவர் மாதிரி ஆடினார். "முன்னாடியே தெரிஞ்சா என்னய்யா சுகம்? அடுத்தவன் சந்தோஷத்தைக் கெடுக்காதே!" அவர்கள் பாஷையில் பாதி, கை ஜாடையில் மீதி.

"நம்ம டீம் ஜெயிச்சதுக்குத்தானே அவரும் கத்தினார்? பாவங்க" என்றாள் மனைவி.

"யாருக்குக் கத்தினா என்ன? எனக்கு முன்னாடி கத்தலாமா?"

அன்றிலிருந்து படியில் எதிர்ப்பட்டாலும் பேச்சு கிடையாது. இப்போது பாருங்கள், ஃபைனலில் மோதுவதே நம் டீமும் மீசையின் டீமும்தான்!

மேட்ச் ஆரம்பித்தது. நம் ஆள் அவுட். "ஐயையோ!" என்று அலறிய டிரைவர், சட்டென்று கூரையைப் பார்த்தார். மேலே சத்தமே இல்லை.

"வீட்ல இல்லையோ?"

"இருக்காங்க. காலையில படியில பார்த்தேன். இன்னிக்கு லீவாம்."

அடுத்து அவர்கள் பேட்டிங். ஃபோர் போனது. சத்தமில்லை. விக்கெட் விழுந்தது. "விழுந்தான்டா!" என்று டிரைவர் சோஃபாவில் ஏறி நின்று கத்தினார். மேலே மூச்சு பேச்சு இல்லை.

"ரோஷம்! நான் சொல்லிட்டேன்ல, வேணும்னே உர்ருனு உட்கார்ந்திருக்கான்."

"சத்தம் போட்டாலும் தப்பு, போடலைனாலும் தப்பா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசி ஓவர். அவர்களுக்குப் பதினோரு ரன் வேண்டும். முதல் பந்தே சிக்ஸர். "ஐயோ, குடியைக் கெடுத்தானே!" டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது. அப்புறம் ஒன்று, ஒன்றுமில்லை, ஒன்று, ஒன்று. கடைசிப் பந்து. ரெண்டு ரன் எடுத்தால் கோப்பை அவர்களுக்கு. மட்டையைச் சுழற்றினான். பந்து மேலே, மேலே, இன்னும் மேலே... எல்லைக்கோட்டில் நம் பையன் பாய்ந்து பிடித்தான்!

"ஜெயிச்சுட்டோம்டீ!"

ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்த குதியில் டீப்பாயில் இருந்த டீ தரையில் ஓடியது. யாருக்குக் கவலை?

"அந்த ஸ்வீட் டப்பாவை எடு!"

"எதுக்கு?"

"மேல போறேன். மீசை இப்போ எப்படித் தொங்குதுன்னு பார்க்க வேண்டாமா?"

"வேண்டாங்க இந்தக் குசும்பு..."

அவர் அதற்குள் ரெண்டு ரெண்டு படியாகத் தாவிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்த மீசை, டப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "ஜெயிச்சுட்டீங்க! வாழ்த்துகள்! உள்ளே வாங்க."

இதை டிரைவர் எதிர்பார்க்கவில்லை. அசட்டுச் சிரிப்போடு உள்ளே நுழைந்தவர் டி.வி.யைப் பார்த்துத் திகைத்தார். பௌலர் ஓடி வருகிறான். கடைசி ஓவர், முதல் பந்து. சிக்ஸர்! மீசையின் மனைவி மெல்லக் கை தட்டினாள்.

"ரீப்ளேயா?"

"இல்லையே. எங்க வீட்ல மேட்ச் இன்னும் முடியலை."

"என்னது?"

"அன்னிக்கு நீங்க சொன்னது நியாயம்தானே? முன்னாடியே தெரிஞ்சா என்ன சுகம்? அதான் ரிமோட்ல மேட்சை ஆரம்பத்துலேயே நிறுத்தி வச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஓடவிட்டேன்."

டிரைவர் குனிந்து தரையைப் பார்த்தார். "அப்போ... கீழே நான் கத்தினதெல்லாம்?"

"நல்லாக் கேட்டுச்சு. உங்க 'ஐயோ' வந்தா எங்களுக்கு ரன். நீங்க குதிச்சா எங்க விக்கெட். எல்லாம் தெரிஞ்ச அப்புறம் கத்த எங்கே வருது?"

ஸ்வீட் டப்பாவை எங்கே வைப்பதென்றே தெரியாமல் நின்றார் டிரைவர். மீசை சோஃபாவில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

"உட்காருங்க. யார் ஜெயிச்சாங்கன்னுதான் எங்களுக்குத் தெரியும், எப்படின்னு தெரியாது. அதை மட்டும் சொல்லிடாதீங்க!"