மூன்று பனிக்காலம் மெக்சிக்கோவில்

“தில்லை சார், டிக்கெட் போட்டாச்சு. உங்களுக்கும் சேர்த்து மூணு! ரெண்டு மாசம் மெக்சிகோ. ஊர் ஊரா வீடு எடுத்துத் தங்குறோம். எங்களுக்கு வாய் நீங்கதான்.”

டோர்செட் பார்க்கின் மெக்சிக்கோ சாப்பாட்டுக் கடையில் மதுரைக்காரரான மோகனசுந்தரம் இப்படிச் சொன்னதும், தில்லையம்பலத்தின் தொண்டையில் சோள ரொட்டி பாதி வழியில் நின்றது.

மூன்று பனிக்காலம் மெக்சிக்கோவில் குடியிருந்ததாக அவர் தன் மாடிக் கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஒரு மலைநகரில் தெருக்களெல்லாம் நிலத்துக்குக் கீழே ஓடுமாம். அதில் வழி தவறி, யாரோ ஒருத்தியின் அடுப்படிக் குசினிக்குள்ளால் மேலே வந்தாராம். அவள் திட்டாமல் கோழிக்குழம்பு ஊற்றினாளாம். உண்மையில் அவர் நயாகரா எல்லையைத் தாண்டியதில்லை. மலைநகர் யூடியூபில் பார்த்தது. குசினியும் கோழியும் சொந்தச் சரக்கு.

ஆனாலும் இரண்டு மாத வெயிலை யார் விடுவார்? மொழியை அங்கே போய்ச் சமாளிக்கலாம்.

“ஓம், ஓம், வெளிக்கிடுவம்” என்றார்.

“எங்க வீட்டம்மா கிருஷ்ணவேணிக்குத்தான் சந்தேகம். உங்களுக்கு அந்தப் பாஷை நெஜமாவே தெரியுமான்னு கேக்குறா. தெரியலைன்னா உங்க டிக்கெட் அவ தம்பிக்காம். இதோ, இந்தப் பொண்ணுகிட்ட நாலு வார்த்தை பேசுங்க. வீடியோ எடுத்து அனுப்பிடுறேன்.”

மேசை துடைக்க வந்தவள் பூவேலைச் சட்டை போட்டிருந்தாள். நெஞ்சில் ‘வேரோனிக்கா’ என்று பெயர் அட்டை. ஸ்பானிஷில் தில்லையம்பலத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்.

“ஹோலா!”

“ஹோலா” என்றாள் அவளும்.

துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தாள். மோகனசுந்தரம் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

வேறு வழியில்லை. இளவயதில் யாழ்ப்பாணம்–வவுனியா பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர் அவர். கண்ணை மூடினார். கைகளை வீசி, ராகம் போட்டு, வழியிலுள்ள ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் ஓடவிட்டார்:

“சாவகச்சேரோ, கொடிகாமோ, மிருசுவிலோ, எழுதுமட்டுவாளோ... பளையோஸ்?”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். தொலைந்தது டிக்கெட் என்று நினைத்தார். பயத்தில் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. அவளோ இடுப்பில் கைவைத்து, அவரைவிட வேகமாக எதையோ பொரிந்து தள்ளிவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஹவ் இஸ் ஹிஸ் ஸ்பானிஷ்?” என்று கேட்டார் மோகனசுந்தரம்.

“எக்ஸலன்ட்!”

தில்லையம்பலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னை அறியாமலே அந்தப் பாஷை வந்துவிட்டதோ? ஒருவேளை உண்மையிலேயே மூன்று பனிக்காலம் அங்கே இருந்தோமோ? அந்தக் கோழிக்குழம்பின் உறைப்புக்கூட இப்போது நாக்கில் தெரிந்தது.

மோகனசுந்தரம் கார் எடுக்க வெளியே போனதும், வேரோனிக்கா மேசைக்குக் குனிந்தாள்.

“அங்கிள், பளையோடை நிப்பாட்டிப்போட்டியள். ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி எல்லாம் நான்தான் சொல்லி முடிச்சனான். நானும் யாழ்ப்பாணம்தான், இளவாலை. முதலாளி வாற ஆக்களுக்கெல்லாம் என்னை மெக்சிக்கோக்காரி எண்டு சொல்லி வைச்சிருக்கிறார். நீங்கள் ‘ஹோலா’ எண்ட உடனை, இண்டையோடை என்ர வேலை போச்சு எண்டெல்லோ நடுங்கிப்போனன்!”