சிவப்பு மை

தங்கை பார்கவியின் சட்ட நோட்டைக் கண்டாலே தண்டபாணிக்கு ஆகாது. அன்று கிழித்தே விட்டான்.

“எப்பப் பாரு எழுதிக்கினு! தறியில யாரு உக்கார்றது? ஜரிகை உரசாம இருக்க உன் நோட்டைக் கிழிச்சு, புடவை மடிப்புல வெச்சு முதலாளிகிட்ட குடுத்துட்டேன். இனிமே எப்படிப் பரீட்சை எழுதுறேன்னு பாக்கிறேன்!”

பார்கவி அழவில்லை. “பரீட்சை போன வாரமே முடிஞ்சிட்டுது.”

“அப்ப அது என்ன நோட்டு?”

“நம்ம டிசைனைத் திருடி பவர்லூமுக்குக் குடுத்த முதலாளி மேல கேஸ் போடணும்னு நீதானேண்ணா சொன்னே? பரீட்சைக்கு எழுதுற மாதிரியே எழுதி வெச்சேன். நமக்குச் சாதகமானதெல்லாம் நீல மை.”

“நெறைய சிவப்பா இருந்துதே?”

“அதெல்லாம் நம்ம கேஸ்ல இருக்கிற ஓட்டை.”

தண்டபாணியின் போன் அடித்தது. முதலாளிதான்.