காதில் ஒட்டிய கடுகு

“இந்தத் தபாவும் உதுந்துபூட்சி சார். இவருக்குக் கீறது காதா, வாழமட்டையா?”

தெய்வநாயகி புருஷனின் இடது காதைப் பிடித்து வைத்தியர் பூவராகவனிடம் காட்டினாள். சடையன் தலையைச் சாய்த்துக் கொடுத்தான். போன முறை ஒட்டிய கடுகையும் காணோம், பிளாஸ்திரியையும் காணோம்.

பூவராகவனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கொழும்பில் சீன முறைக் காது வைத்தியம் படித்துவிட்டு வந்து, செங்கல்பட்டில் பலகை மாட்டிய 1976-லிருந்து இதே பாடுதான். காதில் ஊசி குத்தி முழங்கால் வலியைத் தீர்க்கிறேன் என்றால், காதில் சீழ் வடிகிறது என்று வந்து நின்றார்கள். புரிந்துகொண்டு வந்தவன் சடையன் ஒருவன்தான். அவனும் இப்படி.

சடையன் மாமல்லபுரத்துக் குப்பத்துக்காரன். டைஃபாய்டில் படுத்து எழுந்ததிலிருந்து, கட்டுமரம் அலையில் ஏறினாலே குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி. மரம் அவன் அண்ணன் ஜம்புலிங்கத்துடையது. இந்த அமாவாசைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளை ஏற்றிக்கொள்வேன் என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஊசி குத்தி எடுத்ததும், வாந்திக்கான இடத்தில் ஒரு கடுகை வைத்து ஒட்டி அனுப்புவார் பூவராகவன். குமட்டும்போது அதை அழுத்த வேண்டும். அடுத்த ஊசி வரைக்கும் அது காதிலேயே இருந்தால்தான் பலன். ஒவ்வொரு தடவையும் மறுநாளே காணாமல் போனால் அவர் என்னதான் செய்வார்?

சொறிந்தாயா, உப்புத்தண்ணீர் பட்டதா, தலைகாணியில் தேய்த்தாயா என்று குடைந்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையாட்டினான் சடையன். தெய்வநாயகிதான் பொரிந்து தள்ளினாள். பஸ்ஸுக்கு நின்று கால் வீங்கியதைச் சொன்னாள். மூத்தார் ஜம்புலிங்கத்தின் முகத்தில் விழிக்க முடியவில்லை என்றாள்.

“ஒரு கடுகக் காப்பாத்தத் துப்பில்ல. இவரு எங்க கடலுக்குப் போயி மீன் புடிக்கிறது?”

கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லி அவளை அனுப்பினார் பூவராகவன். முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவர் அலமாரியைத் திறந்து ஒரு புதுச் சுருளை எடுத்தார்.

“மெட்ராஸ்லேருந்து வரவழைச்ச பிளாஸ்திரி. பிச்சா தோலோடதான் வரும். இனிமே எப்படி விழுதுன்னு பார்க்கிறேன்.”

சடையன் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டான். பிறகுதான் வாயைத் திறந்தான்.

“அது வாணாம் சார், பழசையே ஒட்டு. அவ அப்பனும் அண்ணனும் கடலுக்குப் போனவங்க, திரும்பல. மரத்துல வேற ஆளு ஏறட்டும். எனக்கு எண்ண தேய்க்கிற சாக்குல அவதான் உரிச்சுடறா, நானும் கண்ண மூடிகினு கீறேன். இது ரொம்பக் கெட்டியா கீது சார், அவ நகம் பேந்துடும்.”