கேட்டுக்கு அடிக்கிற சில்வர்

தன் அண்ணன் ஏறிப்போய்த் திரும்பி வராத விமானத்தின் மாதிரியை இரண்டு சாண் நீளத்தில் செய்துகொண்டிருந்தார் ஞானமுத்து. உட்புறத்துக்கென்று வரும் வெளிநாட்டு உலோகப் பெயிண்டுக்கு யானை விலை சொன்னார்கள்.

"வாசல் கேட்டுக்கு அடிக்கிற சில்வர் பெயிண்டே போதும் சார். மூடி ஒட்டிட்டா உள்ள யாரு பாக்கப் போறா?" என்றார் ஹார்டுவேர் கடைக்காரர்.

அதையே வாங்கி அடித்தார். அது சீக்கிரம் காய்கிற வழியாக இல்லை. பொறுமையில்லாமல் இரண்டு பாதிகளையும் சேர்த்து, கதவையும் வைத்து ஒட்டிவிட்டார்.

மறுநாள் காலை வெயிலில், விமானத்தின் ஒரு பக்க ஜன்னல் வழியே பார்த்தபோது, எதிரே கதவின் உட்புறச் சில்வரில் ஏதோ பதிந்திருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தார். எள் அளவே ஆன ஓர் உள்ளங்கை, ஐந்து விரல்களோடு. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் வழுக்கிக்கொண்டே கீழே இறங்கியிருந்தன. உள்ளே இருக்கைகளைத் தவிர அவர் ஒரு பொம்மையைக்கூட வைக்கவில்லை.

"இன்னுமா காயல?" என்றபடி மனைவி ரெஜினா விமானத்தை எடுத்து மூக்கைக் கவிழ்த்தாள். உள்ளே வாலிலிருந்து மூக்குவரை எதுவோ உருண்டு வந்து மோதியது.

"என்னமோ கழண்டு கெடக்குதுங்க. குலுக்கிப் பாக்கட்டா?"

அவர் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நேராப் பிடி," என்றார். "ரெஜினா, நேராப் பிடி."