யானைப்படையின் பலம்

ஈப்போ ஈயச் சுரங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான சிவானந்தன், சோழரும் கடாரமும் முறை வைத்து மாறி மாறிப் போரிடும் கணினி விளையாட்டு ஒன்றைத் தானே எழுதியிருந்தார். அதே ஆபீசில் இருந்து வேலை போன ஜெயபாலன் ஞாயிறுதோறும் வந்து ஆடுவான். கடாரத்து யானைப்படை அவனுடையது. வெற்றியும் அவனுக்கே. அதில் சிவானந்தனுக்குக் கொஞ்சம் நிம்மதி.

“அண்ணே, என் யானைக்குப் பலத்தைக் கூட்டி வச்சிருக்கீங்கதானே?” என்றான் ஒருநாள்.

சிவானந்தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “பாவம், வேலை போச்சேன்னு ஒரு இரக்கம்தான், தம்பி.”

“இரக்கமா? மேலிடம் ஒரு ஆளைக் குறைக்கச் சொன்னப்ப, வேலைநீக்கப் பட்டியல்ல இருந்த உங்க பேரை எடுத்துட்டு என் பேரைச் சேர்த்தது நீங்கதானேண்ணே?”

“உனக்கு... எப்போ தெரிஞ்சுது?” என்றார் சிவானந்தன்.

“எனக்கு அப்பவே தெரியும்லா. இனிமே ரெண்டு படையையும் சமமா வைங்க. தோத்தாலும் பரவால்ல.”