பின் டயரில் காற்றில்லை

பின் டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்த மொக்கச்சாமியின் கையை எட்டிப் பிடித்தான் மகன் அருள்பாண்டி.

"என்னப்பா செய்யிறீக?"

"தொட்டுப் பாக்குறேன். என் வண்டிய நான் தொடக் கூடாதா?"

"நீங்க தொட்டுத் தொட்டுத்தேன் ரெண்டு பேரு வாங்காமப் போயிட்டான். இன்னைக்கு வர்ற ஆளையும் வெரட்டிராதீக."

மொக்கச்சாமி கையை உதறிக்கொண்டு எழுந்தார். வயது அறுபத்தெட்டு. ஏலக்காய் நல்ல விலைக்குப் போன வருசம், சிலமலை ஊரில் ஆளாளுக்கு டிராக்டர் வாங்கியபோது இவர் மட்டும் இந்தப் பெரிய டூரிங் பைக்கை வாங்கினார். போடிமெட்டில் இருக்கும் தோட்டத்துக்கு இதில்தான் போய்வருவார். பக்கப் பெட்டிகளில் செடிக்கு அடிக்கிற மருந்து, பின் சீட்டில் மனைவி சுந்தரம்மாள்.

மலை ரோட்டில் இந்த வயதில் இது ஆகாது என்று பெங்களூரில் இருந்து வந்த மகன் முடிவு பண்ணிவிட்டான். இன்றோடு அவனுக்கு லீவு முடிகிறது. அதற்குள் வண்டியை விற்றாக வேண்டும்.

விற்கவிடாமல் கெடுத்தது ஒரு மஞ்சள் விளக்கு. டயரில் காற்றுக் குறைந்தால் உள்ளே இருக்கும் சென்சார் திரையில் அந்த விளக்கைப் போட்டுவிடும். அருள்பாண்டியும் காற்றடித்து, பட்டனை அழுத்திப் பிடித்து, திரையில் கோடு மின்னியதும் விட்டு, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி விளக்கை அணைத்து வைப்பான். ஆள் பார்க்க வருகிற அன்றைக்கு மறுபடி எரியும். போடியில் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கியும் பார்த்தாயிற்று. ஒரு குமிழி வரவில்லை.

"ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளயும் ஒரு கோள்மூட்டிய வச்சு வித்திருக்கான் கம்பெனிக்காரன்," என்றார் மொக்கச்சாமி. "மனுசன் பேச்ச நம்பாத பய, விளக்கு சொல்றத நம்புறியே."

ராத்திரி முழுக்க வண்டிக்கு முன்னால் கட்டிலைப் போட்டுக் காவல் படுத்திருந்தவன் அருள்பாண்டி. விடிந்து அம்மா வந்து எழுப்பிவிட்ட பிறகுதான் மூஞ்சி கழுவப் போனான். திரும்பி வந்தால் அப்பா டயரண்டையில் இருக்கிறார்.

"காலங்காத்தால சண்டையா? இந்தச் சனியன வித்துத் தொலைங்க," என்று காப்பியோடு வந்தாள் சுந்தரம்மாள். தம்ளரை நீட்டிய பெருவிரலில் கரி அப்பியிருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, காஸ் அடுப்பை அணைக்க உள்ளே ஓடினாள்.

காப்பியைக் குடித்து முடிக்கவில்லை, தரகர் எபினேசரின் கார் வந்துவிட்டது. கூட வந்தவர் தேனிக்காரர். நின்ற வண்டியில் விளக்கு எரியவில்லை. வண்டி ஓடினால்தான் அந்தச் சென்சார் முழிக்கும். தேனிக்காரர் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். மூஞ்சி சரியில்லை.

"பின் டயரில காத்து இல்லைன்னு காட்டுதுய்யா எபினேசரு. மலையேறப் போற வண்டி. நமக்கு வேணாம்."

கார் போன தூசி அடங்கும் முன்பே அருள்பாண்டி கத்தினான்.

"சத்தியமாச் சொல்லுங்கப்பா. காத்தப் புடுங்குனது நீங்கதானே?"

"செஞ்சிருந்தா ஒன் மூஞ்சிக்கு முன்னால நின்னு செஞ்சிருப்பேன்டா. திருட்டு வேல எனக்கெதுக்கு? விக்க எனக்கு இஷ்டமில்ல. அத மொத நாளே சொல்லிட்டேன்."

"இனிமே தோட்டத்துக்கு ஜீப்புல போங்க. ஊரே அதுலதான போகுது?"

"ஒங்காத்தாளால ஜீப்புல போக முடியுமாடா? ஆடு மாதிரி ஆள அடைச்சு ஏத்துவான். அடிவாரத்துல முந்தல் தாண்டுறதுக்குள்ள கொடலே வெளிய வந்துரும் அவளுக்கு. பைக்குன்னாத்தேன் அத்தன வளைவுக்கும் பாட்டுப் பாடிக்கிட்டு வருவா."

"எனக்கென்னத்துக்கு இனிமே தோட்டமும் தொரவும்?" என்று வாசற்படியில் இருந்து வெட்டினாள் சுந்தரம்மாள். "நான் வீட்டோட கெடந்துட்டுப் போறேன். நீ வித்துரு அப்பு."

மொக்கச்சாமி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

மத்தியானம் பஸ்சுக்குக் கிளம்பும்போது அருள்பாண்டி சாவியை அம்மா கையில் வைத்து அழுத்தினான்.

"அடுத்த மாசம் வந்து எப்படியும் வித்துருவேன்மா. அதுவரைக்கும் ஒங்கிட்ட இருக்கட்டும். அப்பா கால்ல விழுந்தாலும் குடுத்துராத."

"நான் குடுப்பேனாய்யா? நீ பாத்துப் போ."

பஸ்சு கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவள் கை காட்டிக்கொண்டு நின்றாள். மொக்கச்சாமி நிற்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"நீயும் அவன் கட்சிதேன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார், பின்னால் வந்து சேர்ந்தவளிடம். "சாவிய நீயே கட்டிக்கிட்டு அழு. நான் எவங்கிட்டயும் கேக்க மாட்டேன். தோட்டத்துக்கு நடந்தே போவேன்."

சுந்தரம்மாள் ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினாள். கொண்டையை உள்ளே தள்ளி வாரை இறுக்கிக்கொண்டு, சாவியை அவர் மடியில் வீசினாள்.

"வெரசாக் கெளப்புங்க. இன்னைக்குக் காத்தக் கொஞ்சந்தேன் எறக்குனேன், போற வழியில அடிச்சுக்கிடலாம்."